விஸ்வகர்மா பூஜையன்று பின்னால் வந்த கருப்பு வண்டி

எனக்குப் பேய், பிசாசு எதிலயும் நம்பிக்கை கிடையாது. இது உங்க ரெண்டு பேருக்கும் தெரியும். பத்தாவது முடிச்சுட்டு கோவில்பட்டியில டூவீலர் ஒர்க்‌ஷாப்புல வேலை பார்த்த காலத்துல சுடுகாட்டுப் பாதையிலதான் ரெண்டு வருஷம் சைக்கிள்ல போயிட்டு வந்தேன், ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்ல. சாமி கும்பிடுவேன், அது வேற. அதனால மீனா, சரவணா, இதைப் படிச்சுட்டு அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு முடிவு கட்டாதீங்க. போன்லயே சொல்லியிருப்பேன். ஆனா பாதி சொல்றதுக்குள்ள மீனா ‘சரிப்பா, சாப்பிட்டீங்களா’ன்னு பேச்சை மாத்திடுவா. எழுதிட்டா மாத்த முடியாது பாருங்க.

அம்மாவுக்கு அங்கன்வாடி வேலை கிடைச்சு நீங்க மூணு பேரும் ஊருக்குப் போனப்புறம் இந்தக் காளிகாட் வீட்ல சத்தமே இல்லாமப் போச்சு. வார நாள்ல அது தெரியாது. விடியறதுக்கு முன்னாடி சாம்பார் வைக்கணும், எட்டு மணிக்கு மெட்ரோ கூட்டம் வந்துடும், ராத்திரி மாவு ஆட்டினா தூக்கம் வந்துடும். ஞாயித்துக்கிழமைதான் கஷ்டம். பத்து மணிக்கு நம்ம இட்லிக் கடை காலியாயிடும். அதுக்கப்புறம் சந்து முழுக்க மட்டன் வாசனை, எல்லா வீட்லயும் குடும்பமா உட்கார்ந்து சாப்பிடுற சத்தம். நான் மிஞ்சின இட்லியை நின்னுக்கிட்டே தின்னுட்டு, ஃபேன் சுத்துறதைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருப்பேன். உங்களைக் குறை சொல்றதுக்காக இதை எழுதல. எனக்கு இந்த வயசுல ரேஸ் வண்டி ஆசை ஏன் வந்துச்சுன்னு சிரிச்சீங்கல்ல, அதுக்காகச் சொல்றேன்.

ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு அஞ்சு பேர் பெரிய பெரிய ஸ்போர்ட்ஸ் பைக்குல வந்து இறங்குவாங்க. பெங்காலிப் பசங்க, சால்ட் லேக்குல கம்ப்யூட்டர் வேலை. ஆளுக்கு எட்டு இட்லி சாப்பிட்டுட்டு ஹைவேயில கோலாகாட் வரைக்கும் போயிட்டு வருவாங்க. அதுல ரானான்னு ஒருத்தன், என்னை அண்ணான்னுதான் கூப்பிடுவான். ஒரு நாள் அவன் சொன்னான், “எங்களுக்கு இட்லி குடுத்துக் குடுத்து அனுப்பிடறியே அண்ணா, நீ எப்ப எங்ககூட வரப்போறே?”

“என் ஸ்கூட்டர்லயா? நீங்க கோலாகாட் போயிட்டுத் திரும்பி வரும்போது நான் ஹவுரா பாலத்துல நின்னுக்கிட்டிருப்பேன்.”

“அப்ப நல்ல வண்டியா ஒண்ணு வாங்கு. சட்னியை மட்டும் மறந்துடாதே.”

அவன் விளையாட்டுக்குச் சொன்னானோ என்னவோ, எனக்கு அன்னிக்கு முழுக்க அதுவே ஓடிக்கிட்டிருந்துச்சு. ஞாயித்துக்கிழமை என்கூட வான்னு ஒருத்தர் கூப்பிட்டு எத்தனை மாசம் ஆச்சு.

ரானா சொல்லித்தான் ஹவுராவுல சிப்பூர் பக்கம் நிமாய்தாவோட ஷெட்டுக்குப் போனேன். பழைய பெரிய வண்டிகளை வாங்கிச் சரி பண்ணி விக்கிறவர், என்னைவிடப் பத்து வயசு பெரியவர். நான் அவரைத் தாதான்னு கூப்பிடுவேன், பெங்காலியில அண்ணன்னு அர்த்தம்; அவரும் எல்லாரையும் போல என்னை அண்ணான்னுதான் கூப்பிடுவார். அவர்கிட்ட என் கைக்கு எட்டுற மாதிரி ரெண்டு வண்டி இருந்துச்சு. ஒண்ணு நீலம், நாலு சிலிண்டர். நின்னா தையல் மிஷின் மாதிரி மெதுவாப் பேசும், முறுக்கினா விசில் அடிச்சுக்கிட்டுப் பறக்கும். ஒரே ஓனர், சர்வீஸ் பண்ணின ரசீதெல்லாம் ஃபைல் போட்டு வச்சிருந்தாங்க. இன்னொண்ணு கருப்பு, ரெண்டு சிலிண்டர். அவ்வளவு வேகம் இல்ல, ஆனா மெதுவாப் போகும்போதே நல்லா இழுக்கும், உட்கார்ந்தா முதுகு வலிக்காது, டயர் புதுசு. யார் யார்கிட்ட இருந்துச்சுன்னு சரியாத் தெரியாது. முன்னாடி ரெண்டு விளக்குல ஒண்ணு வெள்ளை, ஒண்ணு மஞ்சள், யாரோ பல்பை மாத்திப் போட்டிருக்காங்க. விலை ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். நாலு தடவை போய்ப் பார்த்தேன், முடிவு பண்ண முடியல.

“பொண்ணு பார்க்கக்கூட யாரும் இத்தனை தடவை வர மாட்டாங்க அண்ணா,” என்றார் நிமாய்தா. “ரெண்டையும் கட்டிக்க முடியாது, பார்த்துக்க.”

அஞ்சாவது தடவை நான் போனது விஸ்வகர்மா பூஜை அன்னிக்கு. இங்கதான் நான் ஒரு தப்பு பண்ணினேன். நம்ம ஊர்ல ஆயுத பூஜைன்னா என்ன பண்ணுவோம்? வண்டியைக் கழுவி, பொட்டு வச்சு, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கி ஒரு சுத்து சுத்திட்டு வந்தாத்தான் பூஜை முடிஞ்ச மாதிரி. இங்க அப்படி இல்ல. விஸ்வகர்மா பூஜை அன்னிக்கு மிஷினுக்கெல்லாம் ஓய்வு. லேத் ஓடாது, ஸ்பேனரைக்கூடத் தொட மாட்டாங்க. பூஜை உண்டுன்னு எனக்குத் தெரியும், இத்தனை வருஷமா இங்க இருக்கேனே. ஓட்டவே கூடாதுங்கிறது மட்டும் என் மண்டையில ஏறல. நான் பாட்டுக்கு ரெண்டு எலுமிச்சம்பழத்தைப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டேன்.

ஷெட்டுக்குள்ள விஸ்வகர்மா சிலை, யானை வாகனம், ஊதுபத்திப் புகை. சாமி காலடியில ஸ்பேனரோட சேர்த்து வண்டிச் சாவிகளையும் வச்சிருந்தாங்க. ரெண்டு வண்டிக்கும் சாமந்தி மாலை. கருப்பு வண்டி பின்சக்கரம் தரையில படாம ஸ்டாண்டுல தூக்கி நின்னுச்சு. அதோட செயினை நிமாய்தா முந்தின நாளே கழட்டி மண்ணெண்ணெய்த் தட்டுல ஊறப் போட்டிருந்தார். இதை நல்லா ஞாபகம் வச்சுக்கங்க.

“இன்னிக்கு எதுவும் ஓடாது அண்ணா, நாளைக்கு வா,” என்றார் நிமாய்தா. “வந்ததுக்குக் கிச்சடி சாப்பிட்டுட்டுப் போ.” சொல்லிட்டுப் பக்கத்து லேத் பட்டறையில பந்தி பரிமாறப் போயிட்டார். கடை லீவுன்னு சொல்றார், அவ்வளவுதான்னு நான் நினைச்சேன். கொஞ்ச நேரம் நின்னேன். அப்புறம் சாமியைக் கும்பிட்டு நீல வண்டிச் சாவியை எடுத்து, ரெண்டு பழத்தையும் நசுக்கி, வெளியில எடுத்துட்டேன்.

மணி மூணரை இருக்கும். நல்ல வெயில். ஆத்தங்கரை ரோட்ல ஒரு ஈ காக்கா இல்ல. ஊரே மொட்டை மாடியில நிக்குது. அன்னிக்கு இங்க பட்டம் விடுற நாள். வானம் முழுக்கப் பட்டம், ஒரு நூல் அறுந்தா எல்லா மாடியிலயும் ‘போகாட்டா’ன்னு ஒரு கூச்சல். கீழ நான் மட்டும். மாஞ்சா நூல் கழுத்தை அறுத்துடும்னு துண்டைச் சுத்திக்கிட்டு மெதுவாத்தான் போனேன். இந்த வண்டிகள்ல கண்ணாடியில பாதிக்கு நம்ம முழங்கைதான் தெரியும். மிச்சப் பாதியில ஒரு வண்டி வர்றது தெரிஞ்சுது. ஒரு விளக்கு வெள்ளை, ஒரு விளக்கு மஞ்சள்.

சரி, நிமாய்தா திட்டுறதுக்கு வர்றார்னு நினைச்சேன். செயின் கழட்டிக் கிடந்தது அப்ப ஞாபகத்துக்கு வரல. வேகத்தைக் குறைச்சேன், அதுவும் குறைச்சுச்சு. கொஞ்சம் முறுக்கினேன், அதே தூரத்துல அதுவும் வந்துச்சு. பொட்டானிக்கல் கார்டன் கேட் பக்கம் வண்டியைத் திருப்பினேன். எதிர்ல வரணும்ல? வரல. ரோடு காலி. நாலு கம்பம் தாண்டிக் கண்ணாடியைப் பார்த்தா மறுபடியும் பின்னாடி, வெள்ளையும் மஞ்சளும்.

நம்பினா நம்புங்க, எனக்குப் பயம் வரல. நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன், அதுவும் நூறடி தள்ளி நின்னுச்சு. அதுக்குப் பின்னாடி சூரியன், கண்ணு கூசுச்சு, மேல யார் உட்கார்ந்திருக்காங்கன்னு தெரியல. மறுபடியும் கிளம்பினேன், அதுவும் கிளம்புச்சு. அப்ப என் மனசுல என்ன தோணுச்சுன்னு உண்மையைச் சொல்றேன், சிரிக்காதீங்க. அப்பாடா, யாரோ கூட வர்றாங்கன்னுதான் தோணுச்சு. அது பின்தங்கிடக் கூடாதேன்னு கடைசி ரெண்டு கிலோமீட்டர் வேணும்னே மெதுவா ஓட்டினேன்.

ஷெட் வாசல்ல நிமாய்தா கிச்சடி வாளியோட நின்னார். முகம் சிவந்து போயிருந்துச்சு.

“சாமி காலடியில இருந்து சாவியை எடுத்துட்டுப் போற ஆளை நான் பார்த்ததே இல்ல. உங்க ஊர்ல இதைத்தான் பூஜைன்னு சொல்வீங்களா?”

“தப்புதான் தாதா. அதுக்காகப் பின்னாடியே துரத்திக்கிட்டு வரணுமா?”

“யாரு துரத்தினது? அறுபது பேருக்குக் கிச்சடி ஊத்திக்கிட்டிருக்கேன்.”

உள்ள போய்ப் பார்த்தேன். கருப்பு வண்டி அப்படியே ஸ்டாண்டுல நின்னுச்சு. மாலை ஒரு பூக்கூட உதிரல. செயின் தட்டுல கிடந்துச்சு. சாவி சாமி காலடியில இருந்துச்சு. ஆனா டிக், டிக்னு ஒரு சத்தம். ஒர்க்‌ஷாப்புல வேலை பார்த்தவனுக்கு அந்தச் சத்தம் தெரியும், ஓடி வந்த வண்டி சூடு ஆறும்போது இரும்பு சுருங்குற சத்தம். நிமாய்தாவும் கேட்டார். குனிஞ்சு சைலன்சர்ல ரெண்டு விரலை வச்சார், வெடுக்குனு இழுத்துக்கிட்டார். விரல்ல கொப்புளம். வாளியைக் கீழ வச்சுட்டுச் சாமி முன்னாடி போய் நின்னார். நானும் நின்னேன்.

மறுவாரம் போனேன்.

“நீலத்தை எடு அண்ணா. கருப்பை வேற யார் தலையிலயாவது கட்டிடறேன்.”

“வேற யார் தலையிலயோ கட்டுறதை என் தலையிலயே கட்டுங்க தாதா.”

“பைத்தியமா உனக்கு?”

அது ஒண்ணுதான் என்கூட வந்துச்சுன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்ல முடியும்? கருப்பையே எடுத்தேன். அவர் ரெண்டு பல்பையும் வெள்ளையா மாத்திக் குடுத்தார், அதுக்குக் காசு வாங்கல.

ஞாயித்துக்கிழமைகள்ல கடையைச் சீக்கிரமே மூடிட்டு ரானா கூட்டத்தோட போக ஆரம்பிச்சேன். நல்ல பசங்க, ஆனா வேகம் அதிகம். நான் கடைசியிலதான் போவேன். கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே போவேன், பின்னாடி ஒண்ணும் வராது. ஆனா வேற ஒண்ணு கவனிச்சேன். தனியாப் போற எந்த வண்டி முன்னாடி வந்தாலும் என் கை தானா தளர்ந்துடும். முந்த மனசு வராது. அதுக்குப் பின்னாலயே, அதே நூறடி தூரத்துல போய்க்கிட்டிருப்பேன்.

மார்கழி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, பசங்க யாரும் வரல, நான் மட்டும் போனேன். கொஞ்சம் பனிமூட்டம். முன்னாடி ஒரு ஆள், என் வயசுதான் இருக்கும், சாம்பல் கலர் ஸ்கூட்டர்ல தனியாப் போனார். வழக்கம்போல அவர் பின்னாலயே போனேன். அவரும் அடிக்கடி கண்ணாடியில பார்த்துக்கிட்டே போனார். வேகத்தைக் கொஞ்சம் குறைச்ச மாதிரிகூட இருந்துச்சு. அரை மணி நேரம் கழிச்சு ஒரு டீக்கடையில நிறுத்தினார். நானும் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழட்டிட்டு, சும்மா நாலு வார்த்தை பேசலாமேன்னு பக்கத்துல போனேன்.

அவர் ரெண்டு டீ சொன்னார்.

“இன்னொருத்தர் எங்கே?” என்றார் கடைக்காரர்.

“வந்துட்டார், பின்னாலயேதான் வந்தார். அதோ வண்டி நிக்குதே.”

நான் அவருக்குப் பத்தடியில நின்னுக்கிட்டிருந்தேன். “தாதா, நான்தான்” என்றேன். அவர் சிரிச்ச முகமா என் வண்டியைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், கடைக்குப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். அவர் கண்ணு என் மேல பட்டுச்சு, பட்டுட்டுச் சுவத்து மேல போற மாதிரி அப்படியே நகர்ந்து போச்சு. திரும்பவும் கூப்பிட்டேன், சத்தமாத்தான் கூப்பிட்டேன். கடைக்காரரும் நிமிரல. அந்த ஆள் தன் டீயைக் குடிச்சு முடிக்கிற வரைக்கும் காத்திருந்தார். அப்புறம் இன்னொரு மண் கோப்பையை என் வண்டி பக்கமா இருந்த குட்டிச் சுவத்து மேல வச்சுட்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டுப் போயிட்டார்.

அந்த டீயை நான்தான் குடிச்சேன். சூடாத்தான் இருந்துச்சு.

அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாது, மீனா. பனிமூட்டம்னு சொல்வே. இருக்கலாம். வண்டி இப்ப வீட்டு வாசல்ல சாக்குப் போட்டு மூடியிருக்கு, எடுக்கவும் மனசு வரல, விக்கவும் மனசு வரல. கடை எப்பவும் போல நடக்குது. ஆனா இப்பல்லாம் யாராவது என் மூஞ்சியை நேராப் பார்த்து ‘அண்ணா, ரெண்டு இட்லி’ன்னு கேட்டா, உடனே எடுத்துக் குடுக்காம ஒரு நிமிஷம் அவங்களையே பார்த்துக்கிட்டு நின்னுடறேன்.