மாடு படம் போட்ட நெய்

எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். ஆனால் கடையில் நின்று கூட்டிக்கொண்டிருந்தால் பின்னால் வருகிறவர்கள் இடிப்பார்கள். அதனால் படம் பார்த்துத்தான் வாங்குவேன். மாடு இருந்தால் பால் சாமான், குழந்தை இருந்தால் குழந்தைக்கு, ஒரு பெண் தலையை விரித்துப் போட்டிருந்தால் ஷாம்பு. இப்படித்தான் வீட்டுக்கு எல்லாம் வாங்கிவருகிறேன். கட்டைப் பை என் அறைக் கதவு ஆணியில் தொங்கும்.

மருமகளுக்கு அந்தப் பை மேல் ஒரு கண். போனில் அழுத்தினால் சாமான் வாசலுக்கே வருமாம். கால் நடக்கிறவரை நான்தான் போவேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு தடவை தப்பாக வாங்கிவாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று அவளும் சிரித்துக்கொண்டே சொல்லிவைத்தாள்.

போன பௌர்ணமிக்கு அவளைப் பெற்றவர்கள் கீழ்பென்னாத்தூரிலிருந்து வருவதாக இருந்தது. கேசரிக்கு நெய் வேண்டும். அவர்கள் மாடு வைத்திருப்பவர்கள், வாசனையிலேயே நெய்யைச் சொல்லிவிடுவார்கள். கடை நிறைய கிரிவலக் கூட்டம். கற்பூரம், திரி வைத்திருந்த வரிசையில் நெய் பாட்டில் இருந்தது. மேலே மாடு, பக்கத்தில் விளக்கு. விலையும் கம்மி. சாமிக்கு என்று செய்தது மட்டமாக இருக்காது, கோயில் ஊர் என்பதால் கம்மியாகக் கொடுக்கிறார்கள் என்று எடுத்துவந்தேன்.

மருமகள் மூடியைத் திறந்து மோந்தாள். பாட்டிலைத் திருப்பினாள்.

"விளக்கேத்த மட்டும்தானாம். சாப்பிடக் கூடாதுனு போட்டிருக்குது, அத்தை."

"சாமிக்கு ஆவறது மனுஷனுக்கு ஆவாதா?"

"இது ஆவாது" என்று போனை எடுத்தாள்.

நான் பையை எடுத்தேன். அவள் நெய்யைத் தேடிக்கொண்டிருக்கும்போதே தெருவில் இறங்கிவிட்டேன்.

நடந்ததைச் சொன்னதும், திறந்த பாட்டிலைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றாள் கடையில் வேலை செய்யும் பெண். நான் பாட்டிலே கொண்டுவரவில்லை என்றேன். சாப்பிடுகிற நெய் அடுத்த வரிசையில், எண்ணெய்க்குப் பக்கத்தில் இருந்தது. அதிலும் மாடுதான். அதே மாடு மாதிரி இருந்தது.

"படிம்மா."

"நெய்தான் பாட்டி."

"அதுவும் நெய்தான். முழுசும் படி, சத்தமா."

படித்தாள். எதில் செய்தது, எதுவரை கெடாது, எங்கே வைக்கவேண்டும், கம்பெனி எந்த ஊர் எல்லாம் வந்தது. பின்னால் கிரிவலத்துக்காரர்கள் மந்திரம் கேட்கிற மாதிரி பேசாமல் நின்றார்கள். ஒருவர் நல்ல நெய்யா என்று என்னைக் கேட்டார். நல்லதுதான் என்றேன். அவரும் ஒன்று எடுத்துக்கொண்டார்.

மருமகள் அந்தப் பாட்டிலையும் திருப்பிப் பார்த்தாள். வாணலியை அடுப்பில் வைத்தாள். சம்பந்தியம்மா கேசரியை இன்னொரு தரம் போட்டுக்கொண்டார். போன் அலமாரி மேல் கிடந்தது.

இப்போது எதை எடுத்தாலும் அந்தக் கடைப் பெண்ணைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்கிறேன். என்னைப் பார்த்ததும் அவள் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறாள். பை அதே ஆணியில்தான் இருக்கிறது. முதலில் வாங்கிய நெய் சாயங்காலம் விளக்கில் எரிகிறது. நன்றாகத்தான் எரிகிறது.