எருசலேமில் ஒரு முன்னுதாரணம்

ஒருவர் உயிரோடிருந்தால் அவரைப் பற்றி இயல்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள், ஏழாண்டுகளாக எதுவும் கேள்விப்படாதிருந்தால், அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்கிறது சட்டம். பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த விதியை ராயபுரத்தில் பாதிப் பேருக்கு விளக்கி, மனு எழுதிக் கொடுத்து, அவர்கள் வீட்டில் காணாமற்போனவர்களை முறைப்படி சாகடித்திருக்கிறேன். என் அண்ணனிடம் மட்டும் அது பலிக்கவில்லை. அவர் காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சு எஞ்சின் டிரைவர். புயலில் லாஞ்சு கவிழ்ந்தபோது மற்றவர்கள் எப்படியோ கரை சேர்ந்தார்கள், சிலர் நடந்தும் சிலர் சுமக்கப்பட்டும். அண்ணன் எப்படியும் வரவில்லை. ஏழாண்டு முடிந்ததும், நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டிய பிரமாணப் பத்திரத்தைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்து அண்ணியின் முன் வைத்தேன்.

அண்ணி பேனாவைத் தொடவில்லை. படித்துக் காட்டச் சொன்னார். ‘என் கணவரைப் பற்றி நான் எதுவும் கேள்விப்படவில்லை’ என்ற வரி வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“டெய்லி கேட்டுகினு கீது தம்பி. விடியறப்போ செருப்ப படில தட்றாரு. மண்ணோட உள்ள வந்தா நான் கத்துவேன்ல, அதுக்கோசரம் தட்டுவாரே, அதே மாரி. கேக்கலன்னு எப்டி கையெய்த்து போடறது? பொய் சத்தியம் பண்ண சொல்றியா?”

ஒரே வீட்டில் மாடியில் இருப்பவன் நான். எனக்கு ஒன்றும் கேட்டதில்லை. ஆனால் ஒருவர் காதில் விழுந்ததை இல்லையென்று மறுப்பதற்கு எந்த அலுவலகத்திலும் படிவம் கிடையாது. பத்திரத்தை மடித்து உள்ளே வைத்தேன். சட்டப்படி அண்ணன் உயிரோடிருந்தார்.

அதில் அண்ணிக்கு நிம்மதி இருந்ததா என்றால், இல்லை. கல்லறைத் திருநாளன்று எங்கள் கோயில் பங்கில் எல்லாரும் அவரவர் கல்லறைக்கு வெள்ளையடித்து, சாமந்தி பரப்பி, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அண்ணி மெழுகுவர்த்தியோடு வருவார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கல்லறைத் தோட்டத்து மதிலோரம் நிற்பார். உருகிய மெழுகு விரலில் இறங்கினாலும் கீழே வைக்க மாட்டார். “வர்றவரு தட்டிட்டுத் தட்டிட்டுத் திரும்பிப் போறாரு. உள்ள வந்து குந்த ஒரு எடம் இல்ல அவருக்கு” என்று ஒருமுறை சொன்னார்.

பங்கிலிருந்து ஒரு குழு எருசலேமுக்குப் புறப்பட்டபோது அண்ணி தன் பெயரைக் கொடுத்தார். “அங்கியே போய், அவரு கீறாரா இல்லியான்னு நேரா கேட்டுட்டு வந்துடறேன்” என்றார், ஏதோ தாலுகா ஆபீசைச் சொல்வதுபோல. கீழ்மட்டத்தில் பதில் வராவிட்டால் மேல்மட்டத்துக்குப் போவது முறைதான் என்பதால் நானும் துணைக்குப் போனேன்.

இயேசு சிலுவை சுமந்து போன சிலுவைப் பாதைத் தெரு நான் நினைத்தபடி இல்லை. இரு பக்கமும் கடைகள், மசாலா வாசனை, குறுகலான கற்படிகள். எங்கள் யானைக்கவுனிச் சந்துகளில் சிலுவையைச் சுமந்து நடப்பதுபோல் இருந்தது. குழுவினர் செபம் சொல்லிக்கொண்டு முன்னே போக, எங்கள் முதுகுக்குப் பின்னால் யாரோ செருப்பைக் கல்லில் தட்டினார்கள். மூன்று தட்டு. கடைக்காரர் எவராவது தூசி உதறியிருக்கலாம். திரும்பிப் பார்த்தோம், படிகளில் எவரும் இல்லை. அண்ணிக்கு முன்பே திரும்பியவன் நான் என்பதை அவர் கவனித்தார். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தார்.

இயேசுவின் திருக்கல்லறைக்கு நீண்ட வரிசை. எல்லா நாட்டுக்காரர்களும் எல்லா மொழியிலும் முண்டியடித்தார்கள். குனிந்துதான் உள்ளே போக முடியும். உள்ளே ஒரு பளிங்குக் கல், மேலே தொங்கும் விளக்குகள், அவ்வளவுதான். முழந்தாளிட்டு நெற்றியை வைப்பதற்குள் கறுப்பு அங்கித் துறவி ஒருவர் கையைத் தட்டி வெளியே விரட்டினார். கவுண்டரில் வெகுநாள் உட்கார்ந்தவன் என்பதால் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வெளியே வந்த அண்ணி தூணில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

“உள்ள ஒண்ணுமே இல்லியே தம்பி.”

“அதுதானே அண்ணி நம்ம விசுவாசமே. உயிர்த்துட்டார். அதனால வெறுங்கல்லறை.”

“அத்தான் நானும் சொல்றேன். ஒடம்பு இல்லாத கல்லறைக்கு ஒலகமே லைன்ல நிக்குது. ஒங்கண்ணனுக்கு மட்டும் இன்னா கேடு? படிச்சவன்தான நீ, எய்திக் குடு.”

அவர் கேட்கப் போன கேள்விக்குப் பதில் கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்பதை மாற்றிக்கொண்டார் என்று மட்டும் புரிந்தது.

ஊர் திரும்பியதும் கல்லறைத் தோட்டக் குழுவுக்கு மனு எழுதினேன். குழுவின் செயலர் தெற்கத்திக்காரர், மளிகை மொத்த வியாபாரி, எல்லாருக்கும் அண்ணாச்சி. மனுவை எட்டப் பிடித்துப் படித்தார்.

“பாடி இல்ல, சர்ட்டிபிகேட்டும் இல்ல. ஆளு செத்தாருன்னும் நீங்க சொல்லல. பொறவு எதுக்குய்யா கல்லறை? முன்ன யாருக்காவது குடுத்திருக்கோமா? முன்னுதாரணம் வேணும்லா?”

நானும் பணிக்காலம் முழுவதும் இதே கேள்வியைக் கேட்டுத்தான் மனுக்களைத் திருப்பி அனுப்பினேன். அதனால் பதில் தயாராக இருந்தது.

“கடைசிப் பத்தியைப் படிங்க அண்ணாச்சி.”

‘முன்னுதாரணம்: எருசலேம், திருக்கல்லறை’ என்று அதில் எழுதியிருந்தேன். குறும்புக்காகத்தான் எழுத ஆரம்பித்தேன். எழுதி முடித்தபோது அது குறும்பாக இல்லை. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். “என்னவே, சாமியையே சாட்சிக்கு இழுக்கீரு” என்றார். சிரிக்கவில்லை. குழுவில் வைக்கிறேன் என்றார். குழு கூடியது, ஒத்திவைத்தது, மறுபடி கூடியது. அந்த ஆண்டுக் கல்லறைத் திருநாளிலும் அண்ணி மதிலோரம்தான் நின்றார்.

பதிலை, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை நேரில் கொண்டுவந்தார். மதிலோரம் ஓரிடம் தரப்படுகிறது. ஒரு கல் வைக்கலாம். பெயரும் பிறந்த தேதியும் பொறிக்கலாம். மற்றொரு தேதிக்கான இடம் வெறுமையாக இருக்கலாம். நான் உரக்கப் படித்து முடித்தேன்.

“இன்னா தேதி போட்டுக்கீறாங்க?” என்றார் அண்ணி.

“இறந்த தேதி போட வேணாமாம் அண்ணி.”

“அத்த கேக்கல. கடுதாசில இன்னா தேதி?”

மீன்பிடித் தடைக்காலம் அன்றுதான் தொடங்கியிருந்தது. கடலுக்குப் போன லாஞ்சுகள் எல்லாம் அதற்குள் கரை திரும்பிவிட வேண்டும் என்பது விதி. தேதியைப் படித்தேன்: ஏப்ரல் பதினைந்து. “அப்போ டைமுக்கு கரைக்கு வந்துட்டாரு” என்றார் அண்ணி.