மூன்று இடத்தில் கசிந்த வண்டி

கம்பவுண்டர் யாரையும் நம்பமாட்டார். வண்டியைப் பட்டறையில் விடுவதற்கு முன்னால் ஸ்பார்க் பிளக், கார்ப்பரேட்டர், பேட்டரி என்று ஒவ்வொன்றிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார். திரும்ப எடுக்கும்போது குனிந்து ஒவ்வொரு பொட்டாகச் சரிபார்ப்பார். இருபத்தாறு வயதான மோட்டார் சைக்கிளில் இருந்து எதைத் திருடி யார் மாடி வீடு கட்டப் போகிறார்கள் என்று, பட்டறையைத் தம்பியோடு சேர்ந்து நடத்தும் அக்காவுக்கு எரிச்சல் வரும். ஆனாலும் வாயைத் திறக்கமாட்டாள். அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில், வீடு வீடாகப் போகும் நர்சுகளுக்கென்று எட்டு வண்டிகள் இருந்தன. அவற்றை எந்தப் பட்டறையில் விடலாம் என்று மேனேஜர் இவரைத்தான் கேட்டிருந்தார். தன் வண்டி ஒழுங்காக ஓடட்டும், பிறகு சொல்கிறேன் என்று இவர் இழுத்துக்கொண்டிருந்தார்.

அந்த எட்டு வண்டி வந்தால்தான் பட்டறை நிற்கும். தம்பியோடு கூட வேலை செய்த பூனைக்கண்ணன் இரண்டு தெரு தள்ளித் தனியாகக் கடை போட்டதிலிருந்து பாதி வாடிக்கையாளர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். இதுவும் கை நழுவினால் தம்பி ஷட்டரை இறக்கிவிட்டு யாரோ ஒருவரின் பெரிய பட்டறையில் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

தம்பி அப்படி நிற்கப் பிறந்தவன் இல்லை. பதினோரு வயதில் வீட்டு மேசை விசிறியைப் பிரித்துப் போட்டுத் திரும்பப் பூட்டினான். விசிறி நன்றாகவே ஓடியது, ஆனால் இரண்டு திருகாணிகள் மிச்சம். ஓடுகிறதே, விடுடா என்று எல்லாரும் சொல்லியும் கேட்காமல் மறுபடி பிரித்து, அவை இரண்டும் எங்கே போக வேண்டும் என்று கண்டுபிடித்த பிறகுதான் சோற்றில் கை வைத்தான். இன்றைக்கும் அதே ஆள்தான். காய்ச்சல் பார்ப்பதுபோல இன்ஜின் மேல் புறங்கையை வைத்துக் கண்ணை மூடி நிற்பான். கேட்டால் தெரியும் என்பான், அல்லது தெரியாது என்பான். 'அநேகமா' என்ற சொல் அவன் வாயில் வந்ததை அக்கா கேட்டதில்லை.

அக்கா எட்டாவதோடு படிப்பை விட்டவள். பட்டறையில் நோட்டு எழுதுவதும், வேலை முடிந்த வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்துவதும் அவள் பொறுப்பு. மட்கார்டின் உள்பக்கம்கூடப் பழைய பல்துலக்கியால் தேய்ப்பாள்.

இந்த முறை கம்பவுண்டரின் வண்டி வெறும் சர்வீசுக்குத்தான் வந்தது. போன நாலாம் நாளே திரும்பி வந்தது, அடியில் ஆயில் சொட்டிக்கொண்டு. ஆயில் இறக்கும் போல்ட்டின் செம்பு வாஷரைத் தம்பி மாற்றினான். அடுத்த வாரம் கிளட்ச் மூடியின் ஓரத்தில் ஈரம். பேக்கிங்கை மாற்றினான். அதற்கடுத்த வாரம் கியர் ஷாஃப்ட் பக்கம். புது ஆயில் சீல் போட்டான். மறுபடியும் வண்டி வாசலில் வந்து நின்றபோது கம்பவுண்டர் தம்பியைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தார்.

"உங்ககிட்ட விடுற வரைக்கும் ஒரு சொட்டு ஒழுகலம்மா. இப்ப ஒண்ண அடைச்சா இன்னொண்ணு தொறக்குது. வேலை தீந்துடக் கூடாதுன்னு யாரோ பாத்து வைக்கிற மாதிரி இருக்கு."

சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் மேனேஜரிடம் வேறு கடையைச் சொல்லிவிடுவதாகவும் சொல்லிவிட்டு, குடையைத் தட்டிக்கொண்டு போனார்.

அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தம்பி கை வைத்த இடம் மூன்று முறை தோற்பதா? இதில் பூனைக்கண்ணனின் கை இருக்கிறது என்று அவளுக்குச் சட்டென்று பட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தானே அவன் கடை? மதியம் காய்கறி வாங்குவதாகச் சொல்லிவிட்டு அந்தத் தெருவில் இரண்டு தரம் நடந்து பார்த்தாள். அவன் எழுந்து நின்று, "வாங்கக்கா, டீ சொல்லட்டா?" என்றான். இவ்வளவு மரியாதையா? சந்தேகம் இரண்டு மடங்காயிற்று. கம்பவுண்டர் டயருக்குக் காற்றடிக்க அங்கே நிறுத்தியபோது அவன் எதையோ தளர்த்திவிட்டிருப்பான் என்று வீடு திரும்புவதற்குள் முடிவே கட்டிவிட்டாள்.

தம்பியிடம் சொன்னபோது அவன் நிமிரவில்லை. தளர்ந்த போல்ட் ஒன்றுமே இல்லை என்றான். இன்ஜின் முழுவதையும் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, உலர்த்தி, குழந்தைக்குப் போடுவதுபோல முகப்பவுடரைத் தூவினான். ஆயில் கீழே சொட்டுகிற இடம் பொய் சொல்லும், மேலே முதலில் நனைகிற இடம்தான் நிஜம் என்பது அவன் கணக்கு. கால்மணி நேரம் ஓடவிட்டுக் குந்தி உட்கார்ந்து பார்த்தான். வெள்ளைப் பவுடரில் மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் கறுப்பு பூத்தது. மூன்றும் அவன் புதிதாக மாட்டிய இடங்கள்.

மூன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு சொன்னான்: "மூணும் ஒண்ணா அழுதுன்னா, குத்தம் மூணுலயும் இல்லக்கா. உள்ள இருந்து எதுவோ தள்ளுது."

இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திருகினான். அடக்கி வைத்த பெருமூச்சுபோல உஸ்ஸென்று காற்று வெளியே வந்தது. உள்ளே சேரும் காற்று வெளியேற ஒரு ரப்பர் குழாய் உண்டு. சீட்டுக்கு அடியில் தொடங்கிப் பின்சக்கரத்துப் பக்கம் இறங்கும். பிரீதர் டியூப் என்பார்கள், இன்ஜினின் மூக்கு. அதைத் தடவிக்கொண்டே போன தம்பியின் விரல் அதன் கீழ்நுனியில் நின்றது. குழாயின் வாயில் ஒரு மருந்துப் புட்டியின் ரப்பர் மூடி செருகி, மேலே நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. மூச்சு விட வழியில்லாத இன்ஜின், பலவீனமான இடமெல்லாம் பார்த்து ஆயிலைத் துப்பியிருக்கிறது.

நூலில் இரட்டை முடிச்சு. மிச்சம் கத்தரியால் ஒட்ட நறுக்கியிருந்தது.

அக்காவுக்கு மூடியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. போன வருஷம் அவள் ஊசி போட்டுக்கொண்ட காலத்தில் சேர்த்து வைத்த மூடிகளில் ஒன்று அது. முதல் முறை சர்வீஸ் முடிந்து அவள் துடைத்து நிறுத்திய வண்டியின் அந்தக் குழாயிலிருந்து, கழுவிய தரையில் ஒரே ஒரு சொட்டு விழுந்தது. கம்பவுண்டர் கண்ணில் பட்டால் என்ன பேசுவாரோ என்று அவள்தான் அடைத்தாள். அன்றைக்கே மறந்தும் போனாள். தம்பி முடிச்சைப் பார்த்தான், அக்காவைப் பார்க்கவில்லை. நூலை அறுத்து, மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மறுபடி பவுடர் தூவினான். இந்த முறை பவுடர் பவுடராகவே இருந்தது.

சனிக்கிழமை கம்பவுண்டர் வந்து, காய்ந்த இன்ஜினைக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். காரணம் என்ன என்று கேட்டார். குழாயில் அடைப்பு என்றான் தம்பி. அதோடு விடுகிற ஆளா அவர்? அடைப்பைக் காட்டு என்றார். தம்பி தயங்கி எடுத்துக் கொடுத்தான். கம்பவுண்டர் கண்கள் சுருங்கின.

"இது மருந்துப் புட்டி மூடியாச்சே. அப்ப எங்க ஆஸ்பத்திரி ஆளு. ஸ்டோர்ல புதுசா ஒருத்தன் சேந்திருக்கான், என்னையே முறைச்சுப் பாப்பான். இன்னிக்கே மேனேஜர்கிட்ட..."

பழி தானாகவே இன்னொருவன் தலையில் போய் உட்காரப் பார்த்தது. அக்கா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எட்டு வண்டியும் வந்துவிடும். தம்பியின் பெயரும் பிழைக்கும். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்; அவனாகச் சொல்லமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும்.

"அவன் இல்ல சார். நான்தான் வெச்சேன். தரையில சொட்டக் கூடாதுன்னு. அந்தக் குழாய் எதுக்குன்னு எனக்குத் தெரியல."

கம்பவுண்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இத ஏம்மா இப்ப சொல்றீங்க? இதுல உங்களுக்கு என்ன லாபம்?"

லாபம் ஒன்றுமில்லை என்று அவள் சொன்னதையும் அவர் நம்பியதாகத் தெரியவில்லை. முன்னும் பின்னும் நடந்தார். கடைசியில், ஆஸ்பத்திரி வண்டிகளை வேண்டுமானால் அனுப்பச் சொல்கிறேன், ஆனால் இந்தம்மா கை எதிலும் படக் கூடாது, கழுவாமலே கொடுத்தால் போதும் என்றார்.

அக்கா சரியென்று தலையாட்டத் தொடங்கியிருந்தாள்.

"அது ஆகாது சார்," என்றான் தம்பி. "கழுவாம எங்க பட்டறைலேருந்து வண்டி போகாது. அக்கா கை படாதுன்னா எட்டும் வேண்டாம்."

அவ்வளவு நீளமாக அவன் ஒரு வாடிக்கையாளரிடம் பேசி அக்கா கேட்டதில்லை. கம்பவுண்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், இதற்குள்ளும் ஏதோ சூழ்ச்சி இருக்கிறதா என்று தேடுவதுபோல.

"ரெண்டு அனுப்புறேன்," என்றார். "பாப்போம்."

திங்கட்கிழமை காலை இரண்டு வண்டிகள் வந்தன, சேறும் சகதியுமாக. அக்கா வாளியை வைத்துவிட்டு முதல் வண்டியின் பக்கத்தில் குந்தினாள். "டேய், இங்க வா. இந்த ஓட்டை எதுக்கு?" என்றாள். தம்பி சொன்னான். "இது?" என்றாள். அதையும் சொன்னான். பதினோரு மணிவரை வாளித் தண்ணீர் தொடப்படாமல் அப்படியே இருந்தது.