இருட்டில் ஒரு பால் போத்தல்

துப்பாக்கியோடு இருட்டில் உட்கார்ந்திருந்தபோது, நான் எதிர்பார்க்காத மூன்று பேர் எனக்கு மிக அருகில் வந்திருக்கிறார்கள். முதலாவது ஒரு பசு. இரண்டாவது ஒரு கொயோட்டி. மூன்றாவது, நான் யாருடைய ஆடுகளைக் காப்பாற்றப் போனேனோ அந்த ஆன்ட்டி. பசுவும் ஆன்ட்டியும் இன்றும் நலம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொயோட்டியைப் பற்றி உறுதியாகத் தெரியாது.

எனக்கு எதையாவது கற்றுக்கொண்டே இருக்க வேண்டும். ரவுண்ட் ராக் என்ற அமெரிக்க ஊரில் கணினி வேலைக்குச் சேர்ந்த இரண்டு வருடத்தில் மண்பாண்டம், பாறை ஏறுதல், தேனீ வளர்ப்பு மூன்றையும் தொடங்கிப் பாதியில் விட்டிருந்தேன். நாலாவதாகப் பிடித்துக்கொண்டது துப்பாக்கி. என்னைப் போல வேலை விசாவில் இருப்பவர்கள் இங்கே துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. ஆனால் வேட்டை லைசென்ஸ் இருந்தால் வைத்திருக்கலாம். இப்படி ஒரு விதிவிலக்கு இருக்கிறது என்று படித்த அன்றே வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டேன். வீடியோ காலில் அம்மாவிடம் சொன்னபோது அவள் திட்டவில்லை. "அப்ப அந்தத் தேனீ என்னடி ஆச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கறி வாங்கப் போனபோதுதான் அந்த ஆன்ட்டியை முதலில் பார்த்தேன். ஊரிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி, பத்து ஏக்கரில் அவரும் அங்கிளும் ஆடு வளர்க்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள். அங்கிள் ஓய்வு பெற்ற மயக்க மருந்து டாக்டர். சுற்றுவட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் பண்டிகைக்கு அங்கேதான் கறி வாங்கும். அன்று ஆன்ட்டி கொட்டகை வாசலில் ஒரு குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தைக்குக் கொடுப்பது போலப் போத்தலில் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு கிழமையில ஆறு குட்டி போயிட்டுது பிள்ளை. இதின்ர தாயையும் கொண்டு போயிட்டுது. அது போட்ட குட்டியில இது ஒண்டுதான் மிச்சம்."

நரிக்கும் ஓநாய்க்கும் நடுவில் ஒரு பிராணியை நினைத்துக்கொண்டால் அதுதான் கொயோட்டி. வேலிக்கு அடியில் எங்கேயோ ஒரு பள்ளம் வழியாக அது வந்து போய்க்கொண்டிருந்தது. நான் யோசிக்காமல், "நான் பாத்துக்கறேன் ஆன்ட்டி" என்றேன்.

அங்கிள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "உமக்கு முன்னம் பின்னம் அனுபவம் இருக்கே?"

"நிறைய வீடியோ பாத்திருக்கேன் அங்கிள்."

"நானும் சமையல் வீடியோ நிறையப் பாக்கிறனான். இவ என்னை இன்னும் குசினிக்குள்ள விடேல்லை."

அடுத்த வெள்ளிக்கிழமையே போய்விட்டேன். முறை எளிது. ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியை வயலில் வைத்து, அடிபட்ட முயல் அலறுவது போன்ற சத்தத்தை ஓடவிட வேண்டும். இரை கிடைத்தது என்று கொயோட்டி தேடி வரும். துப்பாக்கியின் மேல் பொருத்திய தெர்மல் ஸ்கோப் வெப்பத்தைப் படமாகக் காட்டும். குளிர்ந்த நிலம் கறுப்பாகவும் உயிருள்ள உடம்பு வெள்ளையாகவும் தெரியும்.

முதல் இரவு முயல் சத்தத்துக்கு வந்தது பக்கத்து நிலத்துப் பசு. ஸ்பீக்கரை நிதானமாக நக்கிவிட்டு, அதன் பக்கத்திலேயே படுத்து அசைபோட ஆரம்பித்தது. நான் விரட்டிப் பார்த்தேன். நாற்பத்தைந்து நிமிடம் அது நகரவில்லை.

இரண்டாவது வாரம் நிஜமாகவே கொயோட்டி வந்தது. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து வரவில்லை. காற்றின் போக்கில் சுற்றி என் முதுகுப் பக்கமாக வந்திருக்கிறது. ஈர நாயின் வாடை அடித்தது. மெதுவாகத் தலையைத் திருப்பினேன். கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், நிலா வெளிச்சத்தில், நின்றுகொண்டிருந்தது. முயலைத் தேடி வந்த இடத்தில் கணினிக்காரி ஒருத்தி உட்கார்ந்திருப்பதை அதுவும் எதிர்பார்க்கவில்லை போலும். இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். பிறகு அது அவசரமே இல்லாமல் திரும்பிப் போய்விட்டது. துப்பாக்கி மடியில் இருப்பதே எனக்கு அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது. மறுநாள் காலையில் கொட்டகையில் இன்னொரு குட்டி இல்லை, ஏழாவது.

அந்த வாரம் முழுக்க மீட்டிங்குகளில் உட்கார்ந்துகொண்டு ஒன்றையே நினைத்தேன். அடுத்த முறை தயங்கக் கூடாது. நான் எடுத்த முடிவுகளிலேயே மோசமான முடிவு அதுதான்.

மூன்றாவது வெள்ளி, சாயங்காலமே போய்விட்டேன். கொட்டகையில் அந்தப் போத்தல் குட்டி பால் நேரம் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. தொண்டை கிழியும் கத்தல். எனக்கு ஒரு யோசனை. கொயோட்டிக்கு இந்தப் பண்ணையில் பழகிய ருசி முயல் இல்லையே, ஆட்டுக்குட்டிதானே? போனை எடுத்து இரண்டு நிமிடம் பதிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நடத்திக் காட்டிவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன்.

ஆன்ட்டியிடம் சொன்னது இது மட்டும்தான். "எட்டு மணிக்கு மேல வெளி லைட் எதுவும் போடாதீங்க ஆன்ட்டி. டார்ச் கூட வேணாம். சின்ன வெளிச்சம் தெரிஞ்சாலும் அது கிட்ட வராது."

"ஓம் பிள்ளை."

அங்கிள் வழக்கம் போல கேட் பக்கத்தில் டிரக்கில் உட்கார்ந்தார். வாழ்நாளெல்லாம் மற்றவர்களைத் தூங்க வைத்தவர், பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டார். நான் முதுகுப் பக்கம் பயந்து ஒரு வைக்கோல் உருளையில் சாய்ந்துகொண்டேன். பிப்ரவரிக் குளிர். காற்றே இல்லை. ஸ்பீக்கரில் குட்டியின் கத்தலை ஓடவிட்டேன். அரை நிமிடம் கத்தும், அரை நிமிடம் ஓயும்.

இருபது நிமிடம் கழித்து வேலியோரம் ஏதோ அசைந்தது. வீட்டுப் பக்கத்து வேலி. அங்கேதான் அந்தப் பள்ளம் இருப்பதைப் போன வாரம் கண்டுபிடித்திருந்தோம். துப்பாக்கியைத் திருப்பி ஸ்கோப்பில் பார்த்தேன். தூரத்துக்குச் சரிசெய்த ஸ்கோப், நாற்பது அடியில் எல்லாவற்றையும் கலங்கலாகத்தான் காட்டும். காய்ந்த புல்லுக்குப் பின்னால் தாழ்வாக ஒரு வெள்ளைத் திட்டு. கம்பிக்கு அடியில் நுழைந்தது. நின்றது. ஸ்பீக்கர் இருந்த பக்கம் தலையைத் திருப்பியது. மறுபடி தவழ்ந்து முன்னால் வந்தது. வீடியோக்களில் நூறு முறை பார்த்த அதே அசைவு.

ஸ்பீக்கர் ஓய்ந்த நேரம். விசையைத் தடுத்து வைக்கும் சேஃப்டிப் பூட்டை விலக்கினேன். 'டிக்' என்றது. விரல் விசைக்குப் போனது.

அப்போது அந்த வெள்ளைத் திட்டிலிருந்து இன்னொரு வெள்ளை மேலே எழுந்தது. குட்டையாக, நேராக, உடம்பை விடப் பளிச்சென்று. ஸ்கோப்பில் இருந்த எல்லாவற்றையும் விட அதுதான் சூடாக இருந்தது. எந்தப் பிராணியிலும் உடம்பை விடச் சூடான ஒரு குச்சி முளைத்திருக்காது. மூளை இதை வார்த்தையாகச் சொல்வதற்கு முன்பே விரல் விசையை விட்டு வெளியே வந்துவிட்டது. சேஃப்டியைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன். இன்னொரு 'டிக்'. துப்பாக்கியை வானத்துக்குத் திருப்பி, தோட்டாக்களைக் கழற்றி, தரையில் கிடத்தினேன். இதையெல்லாம் என் கைகள் தாமாகவே செய்தன.

"ஆன்ட்டி?" என்றேன்.

"நான்தான் பிள்ளை. சுட்டுப்போடாத." தேத்தண்ணியில் சீனி போடாதே என்பது போலச் சொன்னார்.

தலையில் கட்டியிருந்த சிவப்பு விளக்கைப் போட்டேன். ஆன்ட்டி முட்டி போட்டு இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டிருந்தார். கோட்டுக்கு மேல் கம்பளி போர்த்தியிருந்தார். வலது கையில் பால் போத்தல்.

"குட்டி எங்க? பள்ளத்தால வெளியில வந்திட்டுதாக்கும் எண்டு நானும் அதுக்குள்ளால தவண்டு வாறன். இவ்வளவு நேரமாக் கத்துது, ஒருத்தரும் பாக்கேல்லையே?"

சரியாக அந்த நேரத்தில் ஸ்பீக்கர் மறுபடி கத்தத் தொடங்கியது. ஆன்ட்டி எழுந்து அந்தப் பெட்டியிடம் போய்க் குனிந்து பார்த்தார். நான் ஓடிப் போய் அணைத்தேன்.

"ரெக்கார்டிங் ஆன்ட்டி. சாயங்காலம் எடுத்தேன்."

அவர் பெட்டியைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதின்ர பசிச் சத்தத்தை எடுத்து நரிக்குப் போட்டுக் காட்டினியோ? நல்லாத்தான் படிச்சிருக்கிறாய்."

"டார்ச்சாவது எடுத்துட்டு வந்திருக்கலாமே ஆன்ட்டி."

"நீதானே வேண்டாம் எண்டனீ."

அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையா சிரிப்பா தெரியவில்லை, இரண்டும் வந்தது. ஆன்ட்டி என் தலையில் ஒரு கையை வைத்தார். பிறகு, "எழும்பு, பால் ஆறுது" என்றார்.

கொட்டகையில் நிஜக் குட்டி மற்ற ஆடுகளுக்கு நடுவில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பிக் கொடுத்ததும் கண்ணைத் திறக்காமலேயே உறிஞ்சியது. நாங்கள் திரும்பும் வழியில் டிரக் கண்ணாடி இறங்கியது.

"என்ன, விழுந்திட்டுதோ?" என்றார் அங்கிள்.

"நான்தான் விழப் பாத்தனான். நீங்கள் படுங்கோ" என்றார் ஆன்ட்டி.

சமையலறையில் தேநீர் கொதித்தது. நான் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் வீட்டுக்கு ஓட்டிப் போனால், வாழ்நாள் முழுக்க அவர் எனக்குக் கறி கட்டித் தரும்போதெல்லாம் அது என் நெஞ்சில் கிடக்கும். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ஆன்ட்டி, நான் உங்களைத்தான் குறி வச்சிருந்தேன். சேஃப்டி எடுத்துட்டேன்."

"தெரியும்."

"எப்படி?"

"டிக் எண்டு கேட்டது." அடுப்பைத் தணித்தார். "எங்கட ஊரில அந்தச் சத்தம் கேட்டால் முதல்ல கையைத் தூக்கோணும். அதுக்குப் பிறகுதான் கதை. ரெண்டாவது டிக் கேக்குமட்டும் நான் மூச்சு விடேல்லை."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. அவர் போத்தலை எனக்குக் காட்டவில்லை. கையைத் தூக்கியிருக்கிறார். கையில் போத்தல் இருந்தது, பால் மைக்ரோவேவில் இருந்து அப்போதுதான் எடுத்த சூட்டில் இருந்தது, அவ்வளவுதான். ஐந்து நிமிடம் ஆறியிருந்தால் என்று கணக்குப் போடத் தொடங்கினேன்.

"குடி" என்று கோப்பையை முன்னால் வைத்தார். "நடக்காததை யோசிச்சு யோசிச்சு நித்திரையைக் கெடுக்காத. இஞ்ச முழுசா நிக்கிறன்தானே."

முழுசாகத்தான் நின்றார். முழங்காலில் மண், தலைமயிரில் ஒரு வைக்கோல் துரும்பு. அதை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தேநீரைப் போல ஒன்றை நான் அதற்கு முன் குடித்ததில்லை.

வேட்டையையும் தேனீ போல விட்டுவிடுவேன் என்று அம்மா நினைத்தாள். விடவில்லை. இந்த ஒன்றையாவது ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. தேடிப் பார்க்க, துப்பாக்கியில் பொருத்தாத ஒரு தெர்மல் கைக் கருவியைத் தனியாக வாங்கினேன். துப்பாக்கியால் தேடினால், பார்க்கிற எல்லாவற்றையும் குறி வைத்துக்கொண்டேதான் பார்க்கிறோம். வகுப்பில் முதல் நாளே சொன்னது இது, நான் குறிப்பெடுத்திருந்ததும்கூட. வேலிப் பள்ளத்தை நானும் அங்கிளும் கல் போட்டு அடைத்தோம். மார்ச்சில் ஒரு கொயோட்டி விழுந்தது. என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றதுதானா அது என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு குட்டி எதுவும் போகவில்லை. போத்தல் குட்டி இப்போது கொம்பு முளைத்து, போனால் என்னை முட்டுகிறது.

இப்போதும் மாதம் ஒரு வெள்ளி போகிறேன். வைக்கோல் உருளையில் சாய்ந்து உட்கார்ந்ததும், தோட்டாவைப் போடுவதற்கு முன்னால், போனை எடுத்து ஆன்ட்டியைக் கூப்பிடுவேன். மெசேஜ் போதாது, குரல் கேட்க வேண்டும்.

"ஓம் பிள்ளை, உள்ளுக்குத்தான் இருக்கிறன். கதவும் பூட்டியாச்சு. நீ உன்ர வேலையைப் பார்."

அப்புறம்தான் தோட்டாவைப் போடுவேன்.