மேனேஜர் மொக்கச்சாமியும் பத்தாவது மைல் கல்லும்

போடிநாயக்கனூரில் சித்திரை வெயிலில் கம்பளிக் கோட்டுப் போட்டு நடந்த ஒரே மனிதர் மொக்கச்சாமி அண்ணன்தான். கிறுக்கு என்று நினைத்துவிட வேண்டாம். அவர் ஒரு மருந்துக் கம்பெனிக்கு ஜெனரல் மேனேஜர். கோட்டுப் போட்டே தீர வேண்டும் என்று அவருடைய உத்தியோக ஒப்பந்தத்தின் நான்காவது ஷரத்து சொன்னது. அந்த ஒப்பந்தத்தை டைப் அடித்த பாவி நான்.

இது நடந்தது ஐம்பத்து நாலில். ஏலக்காய் வியாபாரி உக்கிரபாண்டியின் கிடங்கில், விலைபோகாத சொத்தைக் காயும் தொலியும் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. வேறு ஆளாக இருந்தால் குப்பையில் கொட்டியிருப்பார். எங்கள் முதலாளிக்கோ மூளை அதிகம். எல்லாவற்றையும் அண்டாவில் போட்டு, கருப்பட்டி சேர்த்துக் காய்ச்சி, பாட்டிலில் அடைத்து, 'ஜுரசஞ்சீவி' என்று லேபிள் ஒட்டினார். உலகத்தில் உள்ள காய்ச்சலுக்கெல்லாம் அதுதான் மருந்தாம். மருந்து தயார். அதை நம்ப வைக்க ஒரு முகம் வேண்டுமே?

அந்த முகம் மொக்கச்சாமி அண்ணனுடையது. மலையில் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷம் கம்பவுண்டராக இருந்தவர். கழுத்தில் புறங்கையை வைத்தே இது மலைக்காய்ச்சல், இது வெறும் சளி என்று சொல்லிவிடுவார். எங்கே போனாலும் கையில் ஒரு தகர டப்பா, அதில் மலைக்காய்ச்சலுக்கான கசப்புக் கொய்னா மாத்திரை. மலையடிவாரத்துக் குரங்கணிப் பக்கத்துச் சனங்களுக்குச் சாமிக்கு அடுத்தபடி அந்த டப்பாதான்.

முதலாளியின் மருமகன் மெட்ராசிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி மேனேஜரின் ஒப்பந்த நகலை எங்கிருந்தோ கொண்டுவந்தார். "பேர மட்டும் மாத்தி அடிச்சிரு சின்னமுத்து" என்றார் முதலாளி. நான் சொன்னதைச் செய்கிறவன். பேரை மட்டும் மாற்றினேன். அதனால், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு சீமைக்குப் போய்வர முதல் வகுப்புக் கப்பல் டிக்கெட்டும் மொக்கச்சாமி அண்ணனுக்குக் கிடைத்தது. மனிதர் அதுவரை மதுரையைத் தாண்டியதில்லை.

முதலாளி உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டது இரண்டே ஷரத்துகளைத்தான். ஒன்பதாவது, வேலையில் இருக்கும்வரை மேனேஜர் கம்பெனி மருந்தைத் தவிர வேறு மருந்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது. பத்தாவது, வேலையை விட்டுப் போனால் மூன்று வருஷத்துக்கு இந்தியா முழுவதும் வைத்தியமோ மருந்து வியாபாரமோ செய்யக் கூடாது.

"இந்தியா பூராம் நமக்கு எதுக்குடா? நம்ம கடையிலருந்து பத்து மைலுன்னு போடு. அதுக்கு அங்கிட்டு யானைதேன் இருக்கு" என்று முதலாளி பெரிய மனது பண்ணினார்.

அண்ணன் கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டு வருஷம் அட்டைக் கடியிலும் ஒழுகும் கூரையிலும் கிடந்தவருக்குப் பித்தளைப் பலகையில் பேரும், அதற்குக் கீழே 'ஜெனரல் மேனேஜர்' என்ற எழுத்தும் தெரிந்தால் வேறெது கண்ணுக்குத் தெரியும்? அவர் மனைவி ஒச்சம்மாள் மட்டும் ஒப்பந்தம் முழுவதையும் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"அதெல்லாஞ் சரி, இந்தக் கப்பலு போடிக்கு எந்தப் பக்கமா வருமாம்?" என்றாள்.

"ஒனக்கென்னடி தெரியும், பேசாமக் கெட" என்றார் மேனேஜர். அவள் மாத்திரை டப்பாவை எடுத்து அரிசிப் பானைக்குள் வைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் மேனேஜர் வேலை அமோகமாக நடந்தது. வேர்த்து ஊற்ற ஊற்றக் கோட்டோடு உட்கார்ந்து, வருகிறவர்களுக்குப் பாட்டிலைக் காட்டுவதுதான் வேலை. ஒரு நாள் காலையில் குரங்கணியிலிருந்து வேலுத்தாய் வந்தாள். பத்து மைலும் நடை. கால் முழுக்கப் புழுதி.

"அண்ணே, எங்க வீட்டுக்காரருக்குக் குளுரு காச்சல். மூணு நாளா கட்டிலோட சேந்து ஆடுறாரு. அந்தக் கசப்பு மாத்திரையக் குடுங்கண்ணே."

அண்ணன் முதலாளியின் அறைக் கதவைப் பார்த்தார். கதவு திறந்துதான் இருந்தது. மெதுவாக ஒரு ஜுரசஞ்சீவியை எடுத்து நீட்டினார். அவள் மூடியைத் திறந்து விரலில் தொட்டு நக்கிப் பார்த்தாள்.

"என்னண்ணே, பாயசமாட்டம் இனிக்குது?"

"கம்பெனி மருந்து, தாயி."

அவள் பாட்டிலைப் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள், பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். அவள் புருஷனைப் பிறகு தொட்டில் கட்டித் தூக்கிப்போய் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். பன்னிரண்டு நாள் இழுத்துக்கொண்டு கிடந்து எப்படியோ எழுந்துவிட்டான். அதைக் கேள்விப்பட்டதும் முதலாளி என்ன செய்தார் தெரியுமா? ஜுரசஞ்சீவியால் உயிர் பிழைத்தவர் என்று அவன் பேரைப் போட்டு நோட்டீஸ் அடித்தார்! இதற்கெல்லாம் ஒரு தனி நெஞ்சழுத்தம் வேண்டும்.

நோட்டீசைப் படித்துவிட்டு அண்ணன் என் மேசைக்கு வந்தார். "டப்பா வீட்டுலதேன்டா இருந்துச்சு, சின்னமுத்து. ஓடிப்போயி எடுத்துட்டு வர எவ்வளவு நேரமாகும்? அந்தப் புள்ள மூஞ்சியில இனிமே எப்பிடி முழிப்பேன்?" என்று கண் கலங்கினார். நானோ மாதச் சம்பளக்காரன், டைப் அடித்துக்கொண்டே இருந்தேன்.

ஆடி மாதம் முதலாளியே தோட்டம் பார்க்க மலைக்குப் போய்விட்டு நடுங்கிக்கொண்டு திரும்பினார். மூன்று கம்பளி போர்த்தியும் பல் அடித்தது. ஊரில் டாக்டர் இல்லாமல் இல்லை. ஆனால் ஜுரசஞ்சீவி முதலாளி டாக்டரிடம் போனால் ஊர் சிரிக்காதா? மேனேஜரை வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். அண்ணன் ஒரு கையில் ஜுரசஞ்சீவியோடு போய் நின்றார்.

"அந்தக் கழுதைய யாருய்யா கேட்டா? கொய்னாவ வெரசா கொண்டா!"

"ஒம்பதாவது ஷரத்து இருக்கே, மொதலாளி?"

"சாகப்போறவங்கிட்ட ஷரத்துப் பேசுறியா? நீயெல்லாம் மனுசனா?"

அண்ணன் மனுசன்தான். அதுதான் அவரிடம் இருந்த கோளாறு. ஓடிப்போய் அரிசிப் பானையிலிருந்து டப்பாவை எடுத்து வந்து கொடுத்தார். நாலாம் நாள் முதலாளி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார். "காச்சல் விட்டுருச்சுன்னு மாத்திரைய நிப்பாட்டிராதீங்க. சொன்ன நாள் பூராம் சாப்புடணும். இல்லாட்டி திரும்ப வரும்" என்று அண்ணன் படித்துப் படித்துச் சொன்னார். முதலாளி அன்றே நிறுத்திவிட்டார்.

ஐந்தாம் நாள் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். கம்பெனி மருந்தல்லாத மருந்தை ஒரு நபருக்குக் கொடுத்த குற்றத்துக்காக மேனேஜர் நீக்கப்படுகிறார். அந்த நபர் யார் என்று கடிதத்தில் இல்லை.

"நீ செஞ்ச உதவிய மறக்க மாட்டேன், மொக்கச்சாமி. ஆனா, நாளப்பின்ன நீ வாயத் தொறந்தா எங்கம்பெனி என்னாகுறது? பத்தாவது ஷரத்து ஞாபகம் இருக்கட்டும். பத்து மைலுக்குள்ள ஒரு மாத்திரை குடுத்தாலும் கோர்ட்டுக்கு இழுப்பேன்" என்றார்.

அண்ணன் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பழைய எஸ்டேட் வேலைக்கு வேறு ஆள் வந்துவிட்டான். தெரிந்ததோ இந்த ஒரு சோலி. அதைத்தான் அவரே கையெழுத்துப் போட்டு விற்றிருந்தார். "ஒன்ன நம்பி கப்பல்ல ஏறத் துணி மடிச்சு வச்சேனே" என்று சொல்லி ஒச்சம்மாள் அழுதாள். அழுதுகொண்டே சாமானைக் கட்டினாள்.

போடியிலிருந்து போனால் குரங்கணிக்குச் சற்று முன்னால் பத்தாவது மைல் கல் இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் பத்தடி தள்ளி அண்ணன் ஒரு கொட்டகை போட்டார். ஒரு பெஞ்சு, ஒரு பானைத் தண்ணீர், அந்த டப்பா. முதல் நாள் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் நாள் வேலுத்தாய் வந்து கொட்டகை வாசலில் நின்றாள்.

"கோட்டு இல்லாமப் பாத்தாத்தேன் நீங்க யாருன்னு தெரியுது" என்றாள். மறுநாளிலிருந்து பெஞ்சில் இடமில்லை.

ஐப்பசி அடைமழையில் முதலாளிக்குக் குளிர்காய்ச்சல் திரும்பியது. தோட்டம் பார்க்கப் போவதாக ஊருக்குச் சொல்லிவிட்டு, கைத்தாங்கலுக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் கிளம்பினார். மைல் கல்லுக்கு அருகில் வந்ததும் சகதியில் சக்கரம் புதைந்து ஜீப்பு நின்றுவிட்டது. அண்ணன் கொட்டகையிலிருந்து வந்தவர், கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார்.

"மொக்கச்சாமி, இங்க கொண்டாய்யா! எந்திரிக்க முடியலையே!"

"அது பத்து மைலுக்குள்ள இருக்கு, மொதலாளி. கோர்ட்டுக்கு இழுப்பீகளே" என்றார் அண்ணன்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மழையைப் பார்த்தேன். அப்போது வேலுத்தாய் கல்லைத் தாண்டி வந்து, நான் பிடித்திருந்தது போக அவருடைய இன்னொரு தோளைப் பிடித்தாள்.

"வாங்கய்யா. பத்தடிதேன். நான் பத்து மைலு நடந்து வந்து பாயசம் வாங்கிட்டுப் போனவ."

அவர் சகதியில் கால் புதைய நடந்து கல்லைத் தாண்டினார். பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள், வரிசையின் கடைசியில். ஒச்சம்மாள் ஒரு சாக்கை எடுத்து அவருக்குப் போர்த்தி, "கப்பலு வந்துருச்சாங்கய்யா?" என்று மரியாதையாகவே கேட்டாள்.

பல் அடிக்க அடிக்க முதலாளி அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: "திரும்பி வந்துரு, மொக்கச்சாமி. நீ சொல்ற ஷரத்தையே எழுதித் தர்றேன்."

"இங்க ஒரே ஷரத்துதேன், மொதலாளி. முன்னாடி வந்தவுகளுக்கு மொத மாத்திரை" என்றார் அண்ணன்.

முதலாளிக்கு முன்னால் ஏழு பேர் இருந்தார்கள்.