அமெரிக்கப் போருக்குப் போய்வந்த நடுகல்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மகள், கூட வேலை பார்க்கும் வெள்ளைக்காரப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று முடிவெடுத்த பிறகு, இரண்டு வீட்டாரையும் வீடியோ காலில் சந்திக்க வைத்தாள். நான் பாலக்கோட்டில் தக்காளி மண்டி நடத்துகிறவன். விலை தரையில் விழுந்தாலும் முகம் மாறாமல் நிற்பேன் என்று சந்தையில் பெயர். அந்தப் பெயர் சந்தை கேட்டைத் தாண்டினால் செல்லாது என்பது அன்றைக்குத் தெரிந்தது. வேட்டியா பேண்ட்டா என்று காலையிலிருந்து குழம்பி, கடைசியில் மேலே கோட்டு, கீழே லுங்கி என்று உட்கார்ந்திருந்தேன். இடுப்புக்குக் கீழே கேமராவில் தெரியாது, எழுந்து மட்டும் நிற்காதீர்கள் என்று மகள் சொல்லியிருந்தாள்.

பையனின் அம்மா, அதாவது வரப்போகும் சம்பந்தியம்மா, சிரித்த முகம். நடுவில் மகள்தான் மொழிபெயர்ப்பு. சட்டையில் ஒரு ரிப்பன், அதன் நுனியில் பதக்கம். நான் அதையே பார்ப்பதைக் கவனித்து அவரே விளக்கினார். அமெரிக்கா விடுதலைக்குப் போராடிய காலத்தில் அவருடைய முன்னோர் ஒருவர் அந்தப் போரில் சேவை செய்தாராம். அப்படி முன்னோர் உள்ள பெண்களுக்கென்று ஒரு சங்கமே இருக்கிறதாம். வெள்ளைக்காரர்கள் எதற்காக வெள்ளைக்காரனிடமே விடுதலை கேட்டார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கேள்வி வந்துவிட்டது.

“உங்கள் முன்னோர்கள் என்ன செய்தார்கள்?”

என் தாத்தாவின் அப்பா பெயரே எனக்குத் தெரியாது. தாத்தா செய்ததாக நான் கேள்விப்பட்ட ஒரே வீரச்செயல், சந்தையில் போண்டா தின்னும் பந்தயத்தில் ஜெயித்தது. எதிரே கப்பலும் பீரங்கியும் நிற்கும்போது போண்டாவை எப்படி எடுத்து வைப்பது? கோட்டுக்குள் வியர்வை ஆறாக ஓடியது. எனக்குப் பயம் வந்தால் வாய் முன்னால் ஓடிவிடும், மூளை செருப்பைத் தேடிக்கொண்டு பின்னால் வரும்.

“எங்க ஆளும் அதே சண்டையிலதான் இருந்தாரு” என்றேன்.

திரையில் மகளின் முகம் ஒரு கணம் உறைந்தது. நெட்வொர்க் கோளாறு என்று நினைத்தேன். இல்லை, அவள்தான் உறைந்திருந்தாள்.

சமாளித்தாக வேண்டுமே. பள்ளிக்கூடத்தில் படித்ததில் மிச்சமிருந்ததை வைத்து ஒரு கணக்குப் போட்டேன். அதே காலத்தில் இங்கே மைசூர்ப் படைக்கும் வெள்ளைக்காரப் படைக்கும் சண்டை. எங்கள் சீமை வழியாகத்தான் இரண்டு பக்கமும் போனார்கள், வந்தார்கள். அங்கே சுடவேண்டிய குண்டுகளில் பாதியை வெள்ளைக்காரன் இங்கே செலவழித்துவிட்டான். ஆகவே என் முன்னோர் தர்மபுரியில் நின்றபடியே அமெரிக்காவின் விடுதலைக்குப் பாடுபட்டார். சொல்லச் சொல்ல எனக்கே கண் கலங்கியது. சம்பந்தியம்மாவுக்கும் கலங்கியது. அத்தோடு விட்டிருக்கலாம்.

“அவருக்கு நினைவுச் சின்னம் ஏதாவது இருக்கிறதா?”

“கல்லே இருக்குதுங்க!” என்றேன்.

இது முழுப்பொய் இல்லை. எங்கள் மாவட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை விட்டெறிந்தால் அது ஏதாவதொரு நடுகல்லின் மேல்தான் விழும். செத்துப்போன வீரனைச் செதுக்கி நட்ட கல். ஆனால் என் நிலத்தில் தக்காளிச் செடியைத் தவிர எதுவும் நட்டதில்லை.

கல்யாணத்தைத் தர்மபுரியில் வைப்பதென்று முடிவாயிற்று. சம்பந்தியம்மா என் மகளோடு ஒரு வாரம் முன்னதாகவே வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது ஒரு மலர்வளையமும் கையளவு அமெரிக்கக் கொடியும். எங்கே கல் என்றார். களைப்பு தீரட்டும், நாளைக்குப் போகலாம் என்று சொல்லி நழுவினேன். வண்டியில் சுற்றிச் சுற்றிக் கல் தேடினேன். ஒன்று முள்ளுக்குள் இருந்தது. ஒன்றின் மேல் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். கடைசியில் என் மாமனார் ஊரில், அதியமான்கோட்டைப் பக்கம், அவர்கள் வயலோரம் இருக்கும் கல்தான் சரிப்பட்டது. கையில் வாளோடு ஒருவர், காலடியில் இரண்டு மாடுகள், மஞ்சள் பூசிச் சுத்தமாக இருப்பார். முக்கியமாகக் கார் கல் வரைக்கும் போகும். என் மனைவியின் பிறந்த வீட்டுப் பங்காளிகள் வருஷா வருஷம் பொங்கல் வைத்துக் கும்பிடும் சாமி அது. முற்பகலில் போனால் எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள், சத்தமில்லாமல் மாலை போட்டுத் திரும்பிவிடலாம் என்பது என் திட்டம்.

மகள், மனைவி, சம்பந்தியம்மா, நான். போய் இறங்கி, சம்பந்தியம்மா மலர்வளையத்தைக் கையில் எடுத்த நேரம், டிராக்டர் சத்தம் கேட்டது. என் மச்சான். மனைவிக்கு அண்ணன். அந்த ஊருக்குள் புதுக்கார் நுழைந்தால் அவருக்கு மூக்கு வேர்த்துவிடும்.

“என்னங்க மாப்ள, சொல்லாம கொள்ளாம எங்க சாமிகிட்ட?”

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் வந்த காரியத்தைச் சொல்லிவிட்டாள். என் மேல் இருந்த கோபத்தில் வேண்டுமென்றேதான் சொன்னாள் என்று இன்றைக்கும் சந்தேகப்படுகிறேன். “அப்பாவோட முன்னோருக்கு மாலை போட வந்திருக்காங்க மாமா.”

மச்சான் டிராக்டரை அணைத்தார். நிதானமாக இறங்கினார்.

“அப்பாவோட முன்னோரா? அப்ப சரி. இவரு உங்க முன்னோருன்னா நீங்க எங்களுக்குப் பங்காளிங்க. எனக்குத் தம்பி முறை. என் தங்கச்சிக்கு நீங்க என்ன முறை வருது, சொல்லுங்க பாக்கலாம்?”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் இடுப்பில் கை வைத்திருந்தாள்.

“ஏங்க, அப்ப இத்தனை வருசமா நான் எங்கண்ணன்கூடயா குடித்தனம் பண்ணிட்டிருக்கேன்? ராக்கி கட்டலாமா, இல்ல வூட்டுக்குப் போயி பேசிக்கலாமா?”

“அது மட்டுமில்ல” என்றார் மச்சான், மகள் பக்கம் திரும்பி. “கண்ணு, நான் இனிமே உனக்கு மாமன் இல்ல. பெரியப்பா. பெரியப்பன் பட்டுப்புடவை எடுக்கவும் மாட்டான், கையப் புடிச்சி மணவறைக்குக் கூட்டிட்டுப் போகவும் மாட்டான். தாய்மாமனுக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லு உங்கப்பன.”

மகளின் முகம் வாடியது. பிறந்த நாளிலிருந்து அவளைத் தோளில் தூக்கித் திரிந்தவர் அவர். மாமா கையைப் பிடித்துத்தான் மணவறை ஏறுவேன் என்று அமெரிக்கா போன பிறகும் சொல்லிக்கொண்டிருந்தவள். மச்சானோ வீம்புக்கார மனுஷன். ஒருமுறை இல்லை என்றுவிட்டால் மந்திரியே வந்து கேட்டாலும் இல்லைதான். எனக்கு முன்னால் இரண்டே வழி. வெள்ளைக்காரச் சம்பந்திக்கு முன்னால் முன்னோர் இல்லாத அநாதையாக நிற்பது. அல்லது என் பெண்ணைத் தாய்மாமன் இல்லாமல் மணவறை ஏற்றுவது. மூன்றாவதாக மயங்கி விழலாமா என்றும் பார்த்தேன். கீழே நெருஞ்சி முள்.

“என்ன சொல்கிறார்?” என்று சம்பந்தியம்மா கேட்டார்.

“சொல்லுங்கப்பா” என்றாள் மகள். “நீங்களே சொல்லுங்க.”

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் திரட்டினேன். இவர் என் ஆள் இல்லை. என் மனைவி வீட்டு ஆள். எந்தச் சண்டை என்று தெரியாது. அமெரிக்கா என்று ஒன்று இருப்பதே இவருக்குத் தெரிந்திருக்காது. என் தாத்தா போண்டா தின்றார். ஐ ஆம் வெரி சாரி.

சம்பந்தியம்மா குனிந்து கல்லின் காலடியில் இருந்த மாடுகளைப் பார்த்தார். பிறகு மகளிடம், “அம்மா வழி என்றாலும் முன்னோர்தானே? என் முன்னோரும் அம்மாவின் அம்மா வழியில்தான் வந்தார்” என்றார். கல்லைக் காட்டி, “சரி, இவர் உண்மையில் என்ன செய்தார்?” என்று கேட்டார்.

மச்சானுக்கு மரியாதையாகக் கேட்டால் பிடிக்கும். நெஞ்சை நிமிர்த்தினார். “மாட்டை ஓட்டிட்டுப் போனவனுங்கள மறிச்சு, மீட்டுட்டு வர்றப்ப செத்தாருங்க.”

மகள் மொழிபெயர்த்ததும் அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்தபின் சொன்னதை மகள் எங்களுக்குச் சொன்னாள். அவருடைய முன்னோர் துப்பாக்கியைத் தொட்டதே இல்லையாம். பசியோடு கிடந்த படைக்குத் தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்தாராம். அவர்கள் சங்கத்தில் அதுவும் சேவைதானாம்.

ஆக, நான் பயந்து நடுங்கியது ஒரு மாட்டுக்காரருக்கு.

மச்சான் தாடையைச் சொறிந்தபடி சம்பந்தியம்மாவையும் கல்லில் இருந்த மாடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். “ஏம் மாப்ள, ஒருவேளை நம்ம மாட்ட ஓட்டிட்டுப் போனது இவங்க ஆளா இருக்குமோ?”

“மச்சான், மெதுவா. கல்யாணம் நடக்கட்டும்.”

அதன்பின் அதிகாரம் அவர் கைக்குப் போனது. செருப்பைக் கழற்றச் சொன்னார். சம்பந்தியம்மா கழற்றிவிட்டுச் சூட்டில் குதித்துக் குதித்து மலர்வளையத்தைச் சாத்தினார். கொடியை மட்டும் மச்சான் திருப்பிக் கொடுத்துவிட்டார். “இது வேணாங்க. நட்டா நாளைக்கே ஊருக்குள்ள இது எந்தக் கட்சின்னு கேப்பானுங்க.”

கல்யாணத்தன்று மண்டப வாசலில் ஒரு பிளெக்ஸ் நின்றது. கூலிங்கிளாஸ் போட்ட மச்சான் படம், பக்கத்தில் நடுகல், கீழே ‘அமெரிக்க விடுதலைக்கு வாளேந்திய வம்சம் அன்புடன் வரவேற்கிறது’. மூலையில், தபால்தலை அளவில் நான். ‘பெண்ணின் தந்தை’ என்று பெயர்கூடப் போடாமல். இதென்ன அநியாயம் என்று கேட்கலாம் என்றுதான் உள்ளே போனேன். அதற்குள் மேளம் கொட்டிவிட்டது. மச்சான் பட்டு வேட்டியில், என் மகளின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி மணவறைப் படி ஏறினார். “பாத்து கண்ணு, மாமன் இருக்கேன்” என்றார். சரி, வம்சத்தை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.