பதுளை ஓயாவில் மிதிபடகு

பதுளை முருகனுக்கு அர்ச்சனை செய்துவிட்டு, ஓயா ஆற்றங்கரைப் படகுத்துறையில் நிற்கிறோம். துடுப்புப் படகு, மோட்டார் படகு, காலால் மிதிக்கும் படகு எல்லாம் கட்டிக் கிடக்கின்றன. தேயிலை மலையில் வழுக்கி விழுந்து முழங்கால் பிசகியதிலிருந்து என் மனைவி செல்லம்மா வேலைக்குப் போகவில்லை. இனி மலையேற முடியுமா என்பதுதான் எங்கள் கவலை.

"மோட்டார்ல போவோம், கால் நோவாது," என்கிறேன்.

"மிதிக்கிறதுதான் வேணும். கால் தாங்குமான்னு பாக்கணும்."

படகுக்கார முஸ்லிம் அண்ணன் கொடுத்த லைஃப் ஜாக்கெட்டை, கொழுந்து பறிக்கப் போகும்போது படங்குச் சாக்கைக் கட்டுவதுபோல் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போடுகிறாள்.

"அது இடுப்புக்கில்ல தங்கச்சி, நெஞ்சுக்கு," என்கிறார் அவர்.

"மலைக்குப் போற அவசரம், நானா," என்று அவரிடம் சிரித்தபடி மாற்றிக்கொள்கிறாள்.

நடு ஆற்றில் அவள் முகம் சுருங்குகிறது. நான் முருகனை நினைத்துக்கொண்டு வேகமாக மிதிக்கிறேன்.

"நீங்க காலை எடுங்க. நான் தனியா மிதிச்சாத்தான் தெரியும்."

எடுத்துவிடுகிறேன். படகு மெதுவாக, ஆனால் நிற்காமல், அக்கரைப் புல்லைத் தொட்டுத் திரும்புகிறது.

படகுக்காரர் கை நீட்டுகிறார். செல்லம்மா பிடிக்காமலே துறைப்படிகளில் ஏறிவிடுகிறாள்.

"கங்காணிக்குப் போன் போடுங்க," என்கிறாள். "திங்கக்கிழமை காலையில பெரட்டுல வேலைக்கு ஆள் பிரிக்கிறப்ப என் பேரையும் கூப்பிடச் சொல்லுங்க."